மூலம் எங்கே?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாட்டரங்கத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் இடையே அறிவியல் உரை ஒன்றுக்கும் இடந்தந்த விழாக்குழுவினருக்கு நன்றி. விண்மீன்களைப் பற்றி நீங்கள் நிறையவே பாடியிருக்கிறீர்கள். ஆகவே விண்மீன்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே வெறுவெளி என்று நாம் எண்ணியிருக்கும் இடத்திலிருந்து வரும் ஓர் ஒளியைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன்.

ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் மலையேறுகிற முன்னிரவில் இவ்வூர் வானத்தில் நிலவு இருப்பதில்லை. ஆடித் திங்களில் நிலவு கார்த்திகை மீனைச் சேர்கின்ற நாள் தேய்பிறையில்தான் அமையும். எனவே நிலவும், விழாவுக்குப் பெயர் தந்த கார்த்திகையும் நள்ளிரவை ஒட்டியோ அதன் பின்னரோதான் கீழ்வானில் எழும். முன்னிரவில், மேகமும் மின்விளக்கும் இடங்கொடுத்தால், தெற்கே விருச்சிகத்தின் வளைந்த வாலைக் காணலாம். அந்த வாலே மூல நட்சத்திரம். அதன் இடப்புறம், சற்று மேலே, தனுசுவின் எல்லையில், நமக்கு ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் பால்வீதியின் நடுவம் இருக்கிறது.

மூலம் என்னும் சொல்லுக்கு வேர், தோற்றுவாய் என்பன பொருள். பால்வீதியின் நடுவம் அச்சொல்லின் பக்கத்தில் அமைந்திருப்பதைக் கண்டு மகிழலாம். நம் முன்னோர் அந்நடுவத்தை அறிந்தே அப்பெயரிட்டனர் என்று எழுதுவோரும் உளர். அதை என்னால் ஏற்க இயலவில்லை. இடையிலுள்ள தூசிப் படலம் நடுவத்தின் கண்ணொளியை அடியோடு மறைத்துவிடுகிறது. 1918ஆம் ஆண்டில் ஹார்லோ ஷாப்லி உருண்டை விண்மீன் கொத்துகளின் இருப்பிடங்களைக் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே, மையம் அத்திசையில் உள்ளது என்பது புலனாயிற்று. பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மூலத்தில் பிறந்தவள் என்று சொல்லி நம் வீடுகளில் எத்தனை பெண்களின் திருமணப் பேச்சை முறித்திருக்கிறோம்! காமா ஒளியில் பார்த்தால் வானப் பட்டையில் மிகுந்த பொலிவுடைய திசை அதுவே. அந்தப் பழிச்சொல்லை மறுத்துப் பாட விரும்பும் கவிஞருக்கு இது உதவக்கூடும்.

காமா ஒளி என்றேன். கண் காணும் ஒளியின் ஒரு துகளுக்கு ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். நான் பேசப்போகும் ஒளித்துகளுக்குப் 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும். நம் காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடாது. காற்றுக்கு மேலே ஏறி, காமா ஒளியைக் காணும் கண் ஒன்றும் பெற்றால், தலைக்கு மேல் பால்வீதி முழுவதும் அறுபடாத ஒரு பட்டையாக ஒளிரக் காண்போம். அங்கங்கே சில புள்ளிகள் பளிச்சிடும். எனினும் பெரும்பகுதி ஒளி அப்புள்ளிகளிலிருந்து வருவதில்லை, இடைவெளியிலிருந்தே வருகிறது. சூடேறிய எந்தப் பொருளும் இதை உமிழ முடியாது. சூட்டினால் இத்தகைய ஒளி பிறக்கவேண்டுமானால் இலட்சம் கோடி பாகை வெப்பம் வேண்டும்; எந்த விண்மீனின் வயிற்றிலும் அவ்வளவு சூடு கிடையாது.

இதனை ஆங்கிலத்தில் 'டிஃப்யூஸ்' என்னும் அடைமொழியோடு வழங்குகின்றனர். தமிழில் சிலர் 'சிதறிய' என்றும் சிலர் 'பரவிய' என்றும் எழுதுகின்றனர். சிதறுவதற்கு முன் ஓரிடத்தில் குவிந்திருந்திருக்க வேண்டும். பரவுவதற்கும் ஒரு தொடக்கம் வேண்டும். இவ்வொளிக்கு அப்படியோர் இடம் இல்லை. எனவே 'விரவிய' என்பதையே நான் விரும்புகிறேன். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் வரும் பெயரை விரவுப்பெயர் என்கிறது இலக்கணம். விரவுதல் என்றால் கலத்தல். இவ்வொளி பிறப்பதும் ஒரு கலப்பில்தான்.

எவை கலக்கின்றன என்பதைச் சொல்கிறேன். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளியில் மிக மெல்லிய வாயு உண்டு. பெரும்பாலும் நீரகம் (ஹைட்ரஜன்). நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அங்கே அதே அளவு இடத்தில் சராசரியாக ஓர் அணு. இது அசையாது கிடக்கும் பொருள் என்று கொள்ளுங்கள். மற்றொன்று ஓடிக்கொண்டே இருப்பது. 1912ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிக் கண்டறிந்த அண்டக்கதிர்தான் அது. கதிர் என்று பெயரிட்டுவிட்டோமே தவிர, அது ஒளியன்று. பெரும்பாலும் புரோட்டான்கள், ஒளியின் வேகத்தை ஒட்டி விரைகின்ற பருப்பொருள் துகள்கள். அத்தகைய புரோட்டான் ஒன்று வாயுவின் அணுவொன்றில் மோதும்போது பையான் என்னும் துகள் பிறக்கும். மின்னேற்றம் இல்லாத பையானுக்கு, ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் துணுக்கைவிடவும் குறைந்த ஆயுள். அது மறையும்போது இரண்டு காமா ஒளித்துகள்களாக மறைகிறது. அண்டவெளியில் இது நடந்துகொண்டே இருக்கவேண்டும், ஆகவே பால்வீதி காமா ஒளி வீசவேண்டும் என்று 1952ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஜப்பானிய அறிஞர் சாட்டியோ ஹயகவா. அப்போது அந்தப் பையானே கண்டறியப்பட்டு இரண்டாண்டுகள்தாம் ஆகியிருந்தன. வானத்தை அளக்கும் காமாக் கருவி எதுவும் அன்று உலகில் இல்லை.

புரோட்டான் மட்டுமே காரணம் எனல் ஆகாது. உடன் ஓடும் எலெக்ட்ரான்களும் ஒளி பிறப்பிக்கின்றன. வாயுவின் அணுக்கருவை அணுகி வளையும்போது ஒருவகை. விண்மீன்களின் மெல்லொளித் துகளை எதிர்கொண்டு முட்டி, அதற்குத் தன் ஆற்றலைக் கொடுத்துக் காமாவாக உயர்த்திவிடும்போது மற்றொரு வகை. ஆனால் 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், பால்வீதியின் தளத்தில், பெரும்பங்கு பையானுடையதே.

இங்கேதான் 'மூலம்' என்னும் சொல் இரண்டாகப் பிளக்கிறது. ஒளி எங்கே பிறந்தது என்று கேட்டால் விடை உண்டு. மோதிய இடத்தில் பிறந்தது. காமா ஒளிக்கு மின்னேற்றம் இல்லாததால் அது பிறந்த இடத்திலிருந்து நேர்க்கோட்டில் நம்மிடம் வருகிறது. மோதிய அந்தப் புரோட்டான் எங்கே புறப்பட்டது என்று கேட்டாலோ விடை எளிதன்று. பால்வீதி முழுவதும் ஒரு காந்தப்புலம் விரவிக் கிடக்கிறது. வலிமையில் அது புவியின் காந்தப்புலத்தில் இலட்சத்தில் ஒரு பங்குதான். அந்த மெல்லிய புலம் போதும், புரோட்டானின் பாதையை மறுபடி மறுபடி வளைத்துத் திசையை அழித்துவிட. ஒரு கோடி ஆண்டுக்கு மேல் அலைந்து திரிந்த பின்னர் நம்மை வந்தடைகின்ற அண்டக்கதிரிடம், நீ எந்த ஊர் என்று கேட்டுப் பயனில்லை. வந்த திசை அதன் ஊர்த்திசையாகாது. எனவே அண்டக்கதிரின் ஊரைத் தேடுவோருக்கு அது வழியில் மோதி எழுப்பிய இந்த விரவிய ஒளியே சான்றாக நிற்கிறது.

ஹயகவா எழுதியதற்குச் சான்று கிடைக்கப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. 1967 மார்ச்சில் அமெரிக்கர் ஏவிய 'ஓ.எஸ்.ஓ.-3' என்னும் செயற்கைக்கோளில் கிரௌஷாரும் கிளார்க்கும் வைத்த கருவி, ஓராண்டுக்கும் மேலாக வானத்தைத் துழாவிச் சேர்த்த காமா ஒளித்துகள்கள் மொத்தம் 621. ஆம், அறுநூற்று இருபத்தொன்றுதான்! அவற்றைத் திசைவாரியாகப் பரப்பிப் பார்த்தபோது பால்வீதியின் தளத்தை ஒட்டி அவை மிகுந்திருந்தன. மூலத்தின் பக்கம் இன்னும் மிகுந்திருந்தன. பின்னர் 1972 நவம்பரில் ஏறிய 'எஸ்.ஏ.எஸ்.-2' ஏழு மாதங்களில் மின்வழங்கி பழுதுற்று அடங்கியது. 1975 முதல் 1982 வரை ஐரோப்பியரின் 'காஸ்-பி' பார்த்தது. 1991 முதல் 2000 வரை காம்ப்டன் ஆய்வுக்கலம். 2008 ஜூன் 11 அன்று ஃபெர்மி. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூரிய கண்.

கண் கூர்மையாகக் கூர்மையாக ஓர் ஐயமும் வளர்ந்தது. டிசம்பர் 31 இரவில் நம் மலையின் 365 படிகளிலும் சூடம் ஏற்றுகிறோம். மலையடியில் நின்றால் ஒவ்வொரு சுடரும் தனித்தனியே தெரியும். நெடுந்தொலைவில், வயல்வெளியில் நின்று பார்ப்பவருக்கோ அது மலைமேல் படிந்த ஒரே ஒளிப்புகை. பால்வீதியின் மூடுபனி என்று நாம் அழைப்பதும் அத்தகையதோ? பிரித்தறிய இயலாத பல்லாயிரம் சுடர்களை மூடுபனி என்று எண்ணி ஏமாறுகிறோமோ? காஸ்-பி ஆய்வாளர்கள் 25 புள்ளிகளைப் பட்டியலிட்டனர். காம்ப்டன் கலத்தின் மூன்றாம் பட்டியலில் 271. ஃபெர்மியின் பட்டியலிலோ ஐயாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு முறையும் பனியில் கொஞ்சம் கரைந்து புள்ளிகளாயிற்று. ஆயினும் பனி தீரவில்லை. வாயு அடர்ந்த இடத்தில் ஒளியும் அடர்ந்து, வாயு மெலிந்த இடத்தில் ஒளியும் மெலிந்து, இரண்டின் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. புள்ளிகளின் கூட்டத்துக்கு வாயுவோடு இத்துணை நெருக்கம் வரக் காரணமில்லை. பெரும்பகுதி மெய்யான மூடுபனிதான்.

புள்ளிகளில் ஒன்றின் பெயரைக் கவிஞர்கள் அறிந்திருக்கவேண்டும். மிதுன ராசியில், எஸ்.ஏ.எஸ்.-2 கண்ட ஒரு காமாப் புள்ளி. அவ்விடத்தில் வேறெந்த ஒளியிலும் எதுவும் அகப்படவில்லை. இத்தாலிய வானியலார் அதற்குக் 'கெமிங்கா' என்று பெயரிட்டனர். மிதுனத்து காமா என்பதன் சுருக்கமாகவும் அது ஒலிக்கும். மிலான் நகரத்து வட்டார வழக்கில் 'அது இல்லை' என்றும் பொருள்படும். இருபதாண்டுத் தேடலுக்குப் பின் 1992ஆம் ஆண்டில் அது விநாடிக்கு நான்கு முறைக்கு மேல் சுழலும் ஒரு துடிவிண்மீன் என்று தெளிந்தது. கதை அதோடு முடியவில்லை. 2017ஆம் ஆண்டில் மெக்சிகோ மலையிலுள்ள 'ஹாக்' ஆய்வகம், அந்தக் கெமிங்காவைச் சுற்றியே அகன்றதோர் உயராற்றல் காமா ஒளிவட்டம் இருப்பதைக் கண்டது. புள்ளியே தனக்கென ஒரு பனியைப் பரப்பிக்கொண்டிருக்கிறது! இத்தகைய வட்டங்கள் எத்தனை, பால்வீதியின் பனியில் அவற்றின் பங்கு எவ்வளவு என்பது இன்று சூடான வழக்கு.

அறிவியலாரும் கற்பனைக்கு மயங்குபவர்களே. காம்ப்டன் கலம் 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், கணக்கில் வருவதைக் காட்டிலும் மிகுதியான விரவிய ஒளியைப் பதிந்திருந்தது. காணா இருட்பொருள் அழிந்து ஒளியாவதன் அடையாளம் அது என்று சிலர் நம்பினர். ஃபெர்மி அதே வானத்தை அளந்தபோது அந்த மிகுதி காணப்படவில்லை. ஆனால் ஃபெர்மியின் தரவிலேயே, நடுவத்தைச் சூழ, வேறொரு மிகுதி 2009 முதல் பேசப்படுகிறது. இருட்பொருள் என்கிறது ஒரு கட்சி. பிரித்தறிய இயலாத துடிவிண்மீன்களின் கூட்டம் என்கிறது மறு கட்சி. வழக்கு முடியவில்லை. 2010ஆம் ஆண்டில் அந்நடுவத்துக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழுந்து நிற்கும் இரண்டு காமாக் குமிழிகளும் தென்பட்டன. அவற்றை ஊதியது யார் என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை.

புரோட்டான்களின் ஊரைப் பற்றி ஒரு நல்ல சான்று 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. மிதுனத்தில் ஒன்று, கழுகு மண்டலத்தில் ஒன்று என, வெடித்துச் சிதறிய விண்மீன்களின் எச்சங்கள் இரண்டில் பையானுக்கே உரிய ஆற்றல் வடிவத்தை ஃபெர்மி இனங்கண்டது. எலெக்ட்ரானால் அவ்வடிவத்தைத் தர இயலாது. ஆகவே இறந்த விண்மீனின் வெடிப்பலையே புரோட்டானை விரட்டி அனுப்பும் ஊர் என்னும் கொள்கை வலுப்பெற்றது. மிகமிக உயர்ந்த ஆற்றலுக்கும் அதுவே ஊரா என்பது வேறு வினா.

அதற்கு மற்றொரு சாட்சி உண்டு. அதே மோதலில் மின்னேற்றமுள்ள பையான்களும் பிறக்கின்றன. அவை மறையும்போது நியூட்ரினோக்களைத் தருகின்றன. காமாவுக்கு அவை உடன்பிறப்பு. எலெக்ட்ரானின் வேலையில் நியூட்ரினோ பிறப்பதில்லை. எனவே பால்வீதியின் தளத்திலிருந்து நியூட்ரினோ வந்தால் அது புரோட்டானின் கைச்சாத்து. 2023 ஜூனில், தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர்ப் பனிக்கட்டிக்குள் புதைத்த 'ஐஸ்கியூப்' கருவி, பத்தாண்டுத் தரவிலிருந்து அக்கைச்சாத்தை அறிவித்தது.

நியூட்ரினோ என்றதும் நம்மூருக்கு மேற்கே பார்க்கவேண்டியிருக்கிறது. சித்தூர் வழியாகச் சென்றால் கோலார் தங்கவயல். அண்டக்கதிர், நம் காற்றில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான் என்னும் துகள் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அளக்க, ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1951ஆம் ஆண்டளவில் பி.வி. ஸ்ரீகண்டன் அந்தச் சுரங்கங்களில் இறங்கினார். ஆழம் போகப் போக எண்ணிக்கை குறைந்தது. 2 கிலோமீட்டருக்குக் கீழே மியூவான் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அந்த அமைதியில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965ஆம் ஆண்டு, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறையில் எழுப்பிய மியூவான்களை உலகிலேயே முதன்முதலாகக் கண்டனர். டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரோடு ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்திலும் அதே ஆண்டில் ஒரு குழு கண்டது.

அந்தச் சுரங்கங்களை வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் பிழைப்புக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். மிகுதியும் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட குடிகள். 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரையில் நம் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்து ஊரே. எல்லைப் போராட்டத்தைப் பற்றி இங்கே ஆண்டுதோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். கோலாருக்குப் போனவர்களைப் பற்றி ஒரு பாட்டும் இம்மேடையில் நான் கேட்டதில்லை. பாறைவெடிப்பும் சிலிக்காத் தூசியும் அவர்களைத் தின்றன. நியூட்ரினோவைக் கண்ட கருவி நின்றது அவர்கள் குடைந்த குகையில். ஆய்வுக்கட்டுரையின் தலைப்பில் அறிஞர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். குகையைக் குடைந்தவனின் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டுமே இருந்திருக்கும்.

1980ஆம் ஆண்டில் அதே ஆழத்தில் மற்றோர் ஆய்வு தொடங்கியது. புரோட்டான் தானாகச் சிதையுமா என்று பார்க்க, வாயு அடைத்த இரும்புச் சதுரக் குழாய்களை அடுக்கடுக்காக வைத்துக் காத்திருந்தனர். 1990களின் தொடக்கத்தில் அது நின்றது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆனால் அந்த இரும்புக் குழாய்கள் வீணாகவில்லை, உதகைக்கு ஏறின. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சதுரம். இன்று உதகையில், கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் உயரத்தில், 'கிரேப்ஸ்-3' என்னும் ஆய்வுக்களத்தில், 3,712 குழாய்கள் 2 மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டின் அடியில் 560 சதுர மீட்டருக்குப் பரப்பப்பட்டிருக்கின்றன. ஆழத்தில் அமைதியைக் கேட்டிருந்த குழாய்களின் இனத்துக்கு மலைமேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை எண்ணும் வேலை.

கிரேப்ஸ் என்றால் திராட்சை என்று எண்ணிவிடாதீர்கள். மிக உயர்ந்த ஆற்றலில் காமாக்கதிர் வானியல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளின் கூட்டு அது. அண்டக்கதிர் காற்றில் மோதினால் துகள்பொழிவு உண்டாகும். காமா மோதினாலும் உண்டாகும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? புரோட்டானின் பொழிவில் மியூவான் நிறைய இருக்கும். காமாவின் பொழிவில் மிக அரிது. எனவே மேலே பரப்பிய உணரிகள் ஒரு பெரும்பொழிவைக் காட்டும்போது கீழே குழாய்கள் பேசாதிருந்தால், வந்தது காமாவாக இருக்கலாம். இல்லாததைக் கொண்டு இருப்பதை அறியும் இம்முறையில் உதகைக் குழுவினர் விரவிய காமாவுக்கு உச்சவரம்புகளைத் தந்தனர். அதாவது, இருந்தால் இதற்கு மேல் இல்லை என்றனர்.

இதே முறையில், இன்னும் உயரத்தில், 4,300 மீட்டரில், திபெத்தின் யாங்பாஜிங் ஆய்வகம் 2021 ஏப்ரலில் விடை கண்டது. பால்வீதியின் தளத்தை ஒட்டி, 957 இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான காமாத் துகள்கள். அவற்றுள் மிக உயர்ந்த ஆற்றலுடையவை தெரிந்த எந்தப் புள்ளியையும் சுட்டாமல் விரவியே கிடந்தன. அவ்வாற்றலுள்ள ஒளியைப் பிறப்பிக்க அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள புரோட்டான்கள் நம் பால்வீதிக்குள்ளேயே எங்கோ ஏவப்பட்டிருக்கவேண்டும். 2023ஆம் ஆண்டில் சீனத்தின் 'லாசோ' ஆய்வகம், தெரிந்த புள்ளிகளையெல்லாம் மறைத்துவிட்டு எஞ்சிய ஒளியை அளந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. பனியா, பிரியாத சுடர்களா என்னும் பழைய வழக்கு மீண்டும் அரங்கேறியது.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல, நம்மிடம் வரும் புரோட்டான்கள் எந்த ஆற்றலில் எத்தனை என்ற கணக்கு துல்லியமாக வேண்டும்; மோத வருபவர்களின் தொகை தெரியாமல் மோதலின் ஒளியைக் கணக்கிட முடியாது. அந்தக் கணக்கில் 2024ஆம் ஆண்டு உதகையிலிருந்து ஒரு புதிய வரி சேர்ந்தது. ஆற்றல் ஏற ஏறப் புரோட்டான்களின் எண்ணிக்கை சீராகக் குறைந்துகொண்டே வரும் என்றுதான் நெடுங்காலம் கொண்டிருந்தனர். 166 இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அக்குறைவின் வேகம் சற்றுத் தணிகிறது என்று கிரேப்ஸ்-3 கண்டது. அவ்விடத்தில் வேறு வகை ஊரிலிருந்து வருபவர்கள் சேர்கிறார்களா, வழியிலேயே ஏதேனும் நிகழ்கிறதா என்பதை இப்போது பலர் கணக்கிட்டு வருகிறார்கள். அக்கணக்கின் விடையைப் பொறுத்து, மூலத்தின் பக்கம் தெரியும் அந்தப் பட்டையில் எவ்வளவு பனி, எவ்வளவு சுடர் என்பதும் மாறும்.